தம்பூராவின் நாதமும் மூளையின் மின்னலைகளும்

மார்கழியில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் வர்ணத்திற்கு முன்பே எழுந்து மங்களம் வரை ஓயாமல் நிற்கும் தம்பூராவின் நாதம், சொல்லும் பொருளும் அற்றது என்பதாலேயே, புறத்தூண்டலுக்கு மூளை தரும் மின் மறுமொழியை ஆராய்வோருக்கு ஏற்றதாகிறது. அந்த ஒலி எளியதும் அன்று: சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி.வி. ராமன் 1921-இல் காட்டியபடி, வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூலும் சேர்ந்து, மீட்டும் இடத்தைக் கருதினால் எழவே கூடாத மேற்சுரங்களையும் எழுப்புகின்றன.

தலையில் பொருத்தும் மின்முனைகள் பதிவது சில பத்து மைக்ரோவோல்ட் அளவேயான அலைகளை. ஒரே 'க்ளிக்' ஒலியைப் பல நூறு முறை எழுப்பி, பதிவுகளின் சராசரியை எடுத்தால், தூண்டலோடு ஒட்டாதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எஞ்சுவதே மறுமொழி எனக் கொள்வது வழக்கம். பச்சிளங்குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்க இம்முறை போதும். நீண்டொலிக்கும் நாதத்திற்குப் போதாது, தவிர, சராசரியில் கழிபவை மூளையின் சொந்த இயக்கமாகவும் இருக்கலாம்.

கழிவதைக் கணக்கில் எடுக்க முயல்வது கேயாஸ் கோட்பாடு. திட்டமான விதிக்குக் கட்டுப்பட்டும், தொடக்கத்தின் நுண்ணிய வேறுபாடு விரைந்து பெருகுவதால் முன்கணிக்க இயலாததாகும் இயக்கமே கேயாஸ். ஒரு மின்முனையின் இப்போதைய அளவையும் சற்றுப் பிந்தைய அளவுகளையும் அச்சுகளாகக் கொண்டு வரைந்தால் இயக்கத்தின் முழுவடிவை மீட்கலாம் என்பது டாக்கன்ஸ் 1981-இல் நிறுவிய தேற்றம். அவ்வடிவின் சிக்கலை எண்ணாக்கும் வழியை 1983-இல் கிராஸ்பெர்கரும் புரோகாச்சியாவும் தந்தனர். 1985-இல் பாப்லோயன்ட்ஸ் குழு அதனைத் தூக்கத்தின் மூளையலைகளுக்குப் பொருத்தியதும் ஆர்வம் பெருகியது, சற்று அளவுக்கு மீறியே. விதியற்ற வெறும் இரைச்சலும் அத்தகைய எண்ணைத் தரக்கூடும் என்பது 1989-இல் வெளிப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய 1992-இல் தைலர் குழு, அதிர்வெண்களின் வலிமையை மாற்றாமல் அவற்றின் இசைவை மட்டும் குலைத்த போலித்தொடர்களோடு உண்மைப் பதிவை ஒப்பிடும் சோதனையை முன்வைத்தது.

தம்பூரா நாதத்தைக் கேட்ட 10 பேரின் மூளை முன்பகுதிப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான கொல்கத்தா ஆய்வு ஒன்று, ஆல்ஃபா, தீட்டா அலைகள் இரண்டிலும் சிக்கல் கூடியதாகக் கூறியது. அது அளந்தது கேயாஸை அன்று, அதற்கு உறவான பன்முகப் பின்னத்தன்மையை, அதாவது ஏற்ற இறக்கங்கள் வெவ்வேறு கால அளவுகளில் எவ்வளவு வேறுபட்டு விரிகின்றன என்பதை. 10 பேர் என்பதும் சிறு தொகையே. ராகம் மூளையை மாற்றுகிறது எனும் செய்திகளைப் படிக்கும் ரசிகர்கள், போலித்தொடரோடு ஒப்பிட்டார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.