ஊலாங் டீ: புதுசு ருசியா, பழசு ருசியா?

காலையில் ஒரு டம்ளர் டீ உள்ளே போனால்தான் உங்களுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும், இல்லையா? அந்த டீத்தூள் வரும் அதே தேயிலைச் செடியிலிருந்துதான் சீனாவிலும் தைவானிலும் ‘ஊலாங்’ என்று ஒரு டீ தயாராகிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் யாராவது ஒரு டப்பாவை நீட்டி, “இது இருபது வருஷத்துப் பழசு, ரொம்ப விலை!” என்றால் திகைத்துப் போவீர்கள். இருபது வருஷத்து டீயைக் குடிக்கலாமா?

நறுக்கி வைத்த ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பாகிறதே, கசங்கிய தேயிலையும் அப்படித்தான். முழுக்க மாறவிட்டால் நம் வீட்டு டீ. மாற விடாமல் உடனே சூடு காட்டினால் கிரீன் டீ. நடுவில் நிறுத்தினால் ஊலாங்.

புதுசு எப்படி இருக்கும்?

தைவானின் அலிஷான் மலையில் விளையும் புது ஊலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன உருண்டையாக, பச்சையாக இருக்கும். வெந்நீர் ஊற்றினால் வெளிர் மஞ்சள் நிறச் சாறு. முகத்தருகே கொண்டு போனாலே பூ வாசனை. நாக்கில் லேசான இனிப்பு, பச்சிலை ருசி. சீனாவின் ஆன்ஷி பகுதியில் இன்று பரவலாகச் செய்யப்படும் பச்சை ரக ‘டியே குவான் யின்’னும் ஏறக்குறைய இதே ஜாதிதான். இவற்றைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். நாளானால் பூ வாசனை பறந்துவிடும்.

பழசு எப்படி?

புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியுமே! அப்படித்தான் இதுவும். சாறு செம்பழுப்பாக இருக்கும். பூ வாசனை போய், உலர்ந்த பழம், மரம், தேன் எல்லாம் கலந்தாற்போல ஒரு மணம். லேசான புளிப்புகூட இருக்கலாம். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு குறைந்து, தொண்டையில் வழுவழுப்பாக இறங்கும்.

ஆனால், எல்லா ஊலாங்கும் இப்படிப் பழுக்காது. தைவானின் டோங்டிங் போல, நன்றாக வறுத்த ரகம்தான் இதற்குத் தோது. ஈரம் புகாத ஜாடியில் மூடி வைப்பார்கள். சிலர் அவ்வப்போது எடுத்து இளஞ்சூட்டில் மறுபடி வறுப்பதும் உண்டு. ஆக, ருசியைத் தருவது வருஷக் கணக்கு மட்டுமல்ல, பாதுகாத்த விதமும்தான்!

ஏமாறாமல் இருக்க...

மட்டமான டீயைக் கருக வறுத்து ‘பழசு’ என்று விற்பவர்களும் உண்டு. அதில் கரி வாசனைதான் தூக்கலாக இருக்கும். இரண்டு, மூன்று முறை வெந்நீர் ஊற்றியதும் சப்பென்று ஆகிவிடும். நல்ல பழசு, ஐந்தாறு முறை ஊற்றினாலும் இனிப்பு விடாது. டப்பாவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தால் யோசிக்காதீர்கள். விலையைப் பார்க்காமல் குப்பையில் கொட்டுங்கள். வறுத்தோ கொதிக்க வைத்தோ அதைச் சரிசெய்துவிட முடியாது.

உடம்புக்கு எது நல்லது?

“பழசு மருந்தாச்சே!” என்பார்கள். நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நாளாக ஆக, தேயிலையிலுள்ள ‘கேட்டச்சின்’ சத்து குறைகிறது. துவர்ப்பு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீன் பழசிலும் இருக்கிறது. வழுவழுப்பாக இருக்கிறதே என்று ராத்திரியில் குடித்தால் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான்! புதுசோ பழசோ, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது விட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டு அளவோடு குடிப்பது நல்லது.

ஆகவே, பூ மணம் பிடிக்குமென்றால் புதுசு. ஆழமான ருசி பிடிக்குமென்றால் பழசு. இரண்டுக்குமே பாலும் சர்க்கரையும் வேண்டாம். உறவினர் தந்த டப்பாவை முதலில் முகர்ந்து பாருங்கள். லேபிளில் போட்டிருக்கும் வருஷத்தைவிட உங்கள் மூக்கு சொல்வதை நம்பலாம்!