ரேடியேட்டருக்குள் ஓடும் எண்ணெய்

லாரியின் முகப்பில், கம்பித் தடுப்புக்குப் பின்னால், தேன்கூடு போன்ற அமைப்பு ஒன்று தெரியும். அதுவே ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிச் சூடேறி வரும் நீர் இதன் மெல்லிய குழாய்களில் பாயும்போது, எதிர்க்காற்று அதன் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பாலானவற்றில் ஓட்டுநரே கையால் கியர் மாற்றுகிறார். அவ்வண்டிகளின் ரேடியேட்டரில் நீர் மட்டுமே ஓடுகிறது.

தானாகவே கியர் மாறும் வண்டிகளில் ரேடியேட்டருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அமெரிக்காவில் ‘பிக்கப்’ எனப்படும் சிறு லாரிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் கிளட்ச் மிதி இல்லை. எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கொண்டு சேர்ப்பது எண்ணெய். ஓடும் மின்விசிறியின் எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், காற்று பட்டு அதுவும் சுழலும் அல்லவா? அதுபோல, எஞ்சினோடு இணைந்த சக்கரம் எண்ணெயைத் தள்ள, அவ்வெண்ணெய் எதிரிலுள்ள சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வாறு ஓயாது கலக்கப்படும் எண்ணெய் சூடேறுகிறது. பாரத்தை இழுத்துக்கொண்டு மலையேறும்போது வெப்பம் மேலும் மிகுகிறது. அதனை ஆற்றுவதற்கு ரேடியேட்டரின் தொட்டிக்குள் சிறு குளிர்விப்பான் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. ஒரு குழாய் சூடான எண்ணெயைக் கொண்டு வருகிறது; மற்றொன்று ஆறிய எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் நீர், உள்ளே எண்ணெய். இரண்டையும் பிரிப்பது மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே.

இக்குழாய்கள் தொட்டியைச் சேரும் இடத்தில் விரல் பருமனுள்ள இணைப்பு முனைகள் இருக்கின்றன. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அவ்வுப்பு தெறித்து எஃகுக் குழாயும் நட்டும் துருப்பிடிக்கின்றன. துருவேறிய நட்டை ஒரே ஸ்பேனரால் வலிந்து திருப்பினால், நட்டுடன் முனையும் சேர்ந்து சுழலும். முனையோடு தொட்டிக்குள் இருக்கும் குளிர்விப்பானும் முறுக்கப்பட்டு விரிசல் காணும். வெளியே ஒரு துளியும் கசியாது. கேடு உள்ளேயே நிகழும்.

வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் பெரும்பாலும் மிகுதியாக இருப்பதால் அது நீரில் கலக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் மறைந்துவிடும். சூடான நீரின் அழுத்தமோ சிறிது நேரம் நீடிக்கும். அப்போது நீர் எண்ணெய்க்குள் நுழைகிறது. செந்நிற எண்ணெய் ரோஜாப்பால் போல மாறிவிடும். பார்க்க அழகாக இருப்பினும், கியர்பெட்டிக்கு அதுவே நஞ்சு. அங்குள்ள உராய்வுத் தட்டுகளின் மேல் காகிதம் போன்ற நார்ப்பொருள் ஒட்டப்பட்டிருக்கும். நீர் பட்டால் ஒட்டு விட்டு, நார் உரிந்துவிடும். சிறு முனையில் நேர்ந்த பிழையால் கியர்பெட்டி முழுவதையும் பிரிக்க நேரிடும்.

ஆதலின் பழகிய மெக்கானிக் எஞ்சின் ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குவார். துருவை இளக்கும் எண்ணெயை நட்டின் மேல் தெளித்துக் காத்திருப்பார். இக்காத்திருப்பே பாதி வேலை. பின்னர் ஒரு ஸ்பேனரால் முனையை அசையாமல் பிடித்து, மற்றொன்றால் நட்டை மட்டும் திருப்புவார்.

கழற்றியதும், பழுது எங்குள்ளது என்று பார்க்க வேண்டும். முனையின் மரை மட்டும் தேய்ந்திருந்தால் புதிய முனை போதும். குளிர்விப்பானின் மரையே சிதைந்திருந்தால் ரேடியேட்டரை மாற்றுவதே நேர்வழி. பசை பூசி அடைப்பது ஊர் போய்ச் சேர உதவலாம். அதற்கு மேல் அதனை நம்ப இயலாது. குழாய் துருப்பிடித்து இற்றிருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கி, எண்ணெய்க்கென உரிய ரப்பர்க் குழாயைப் பொருத்தலாம். நீருக்கான ரப்பர்க் குழாய் எண்ணெயில் ஊறி இளகிவிடும்.

புதிய முனையை முதலில் விரல்களாலேயே சில சுற்று திருக வேண்டும். விரலுக்கு இணங்காத மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். அந்நிலையில் ஸ்பேனரை வைத்தால் புதிய மரையும் பாழாகும். ரப்பர் வளையம் உள்ள முனையாயின், புதிய வளையத்தில் அதே கியர் எண்ணெயைத் தடவிப் பொருத்துவர். குழாயின் விரிந்த வாய் முனையோடு பொருந்தி அடைக்கும் வகையாயின், மரையில் நாடா சுற்றுவதால் பயனில்லை. நாடாத் துணுக்குகள் உள்ளே சென்று நுண்ணிய வழிகளை அடைக்கவும் கூடும்.

இறுதியாக, சிந்திய அளவுக்கு எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் சூடான பிறகு தயாரிப்பாளர் கூறும் முறைப்படி அதன் அளவைப் பார்ப்பர். முனையைத் துடைத்து, வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டி நிறுத்திய பின், வெள்ளைத் தாளால் அதனை ஒற்றிப் பார்ப்பர். தாளில் செந்நிறக் கறை படியாவிட்டால் வண்டியைச் சாலைக்கு அனுப்பலாம்.