பவளத்திட்டு மீன்களும் நாத்தியா ஒட்டுண்ணிகளும்: எண்ணிக்கையும் உண்மைத் தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பவளத்திட்டு மீன்களின் குருதியை உண்ணும் நாத்தியா என்னும் ஓட்டுடலியின் தாக்கத்தை, பிடிபட்ட மீனுடலில் காணப்படும் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவுக் கள ஆய்வுகள்வழி இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: நாத்தியா, ஓட்டுடலி, ஒட்டுண்ணி, துப்புரவு மீன், பவளத்திட்டு

முன்னுரை

மீன்களைச் சார்ந்து வாழும் ஓட்டுடலிகள் பல வகையின. சைமோதோயிட் குடும்பத்தின் முதிர்ந்த உயிரிகள் மீனின் வாய், செவுள் அறை, தோல் ஆகியவற்றில் நிலையாகத் தங்குகின்றன. மீனைப் பிடித்தால் அவையும் பெரும்பாலும் உடன் கிடைக்கும். நாத்தியாக்களின் இயல்பு வேறு.

வாழ்க்கைச் சுழற்சி

சில மில்லிமீட்டர் அளவேயுள்ள நாத்தியா, இளவுயிரிப் பருவத்தில் மட்டுமே ஒட்டுண்ணியாக வாழ்கிறது. திட்டின் அடித்தரையில் பதுங்கியிருக்கும் இளவுயிரி, மீனைப் பற்றிக் குருதி உண்டு, வயிறு நிறைந்ததும் விலகித் தரைக்குத் திரும்பித் தோலுரிக்கிறது. இவ்வாறு 3 முறை உண்டபின் முதிர்நிலை எய்துகிறது. முதிர்ந்த உயிரி உண்பதே இல்லை. ஆகவே, ஒரு குறித்த நேரத்தில் மீனுடலில் காணப்படுபவை, அம்மீனைத் தாக்கியவற்றுள் ஒரு பகுதியே.

துப்புரவு மீன்வழிச் சான்றுகள்

இத்தாக்கத்தின் அளவைத் துப்புரவு மீனாகிய லாப்ராய்டஸ் டிமிடியேட்டஸ் மறைமுகமாகக் காட்டுகிறது. ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளை உண்பதாகவும், அவற்றுள் பெரும்பாலானவை நாத்தியாக்களே எனவும் அலெக்சாண்ட்ரா கிரட்டர் 1996இல் கணித்தார். 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வில், துப்புரவு மீன்கள் நீக்கப்பட்ட திட்டுகளில் கூண்டிலிடப்பட்ட மீன்களிடம், அவை உள்ள திட்டுகளின் மீன்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு ஒட்டுண்ணிகள் காணப்பட்டன. 12 மணி நேரத்திற்குள்ளேயே இவ்வேறுபாடு தோன்றியது.

நீண்டகால விளைவை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. எட்டரை ஆண்டுகள் துப்புரவு மீன்கள் இல்லாத சிறுதிட்டுகளில், திட்டுவாழ் மீன்களின் எண்ணிக்கை 37 விழுக்காடும் இனவளம் 23 விழுக்காடும் குறைந்திருந்தன.

சான்றின் எல்லை

இவ்விழப்பு முழுவதையும் நாத்தியாவுக்கே உரியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. துப்புரவு மீனின் உடல்வருடலும் பிற மீன்களின் உளைச்சலைத் தணிப்பது சோதனைவழி அறியப்பட்டுள்ளது. நீக்கச் சோதனை ஒட்டுண்ணி நீக்கம், வருடல் ஆகிய இரண்டின் இழப்பையும் சேர்த்தே அளக்கிறது.

முடிவுரை

நாத்தியாவைப் பொறுத்தவரை, மீனுடலில் குறைந்த எண்ணிக்கை காணப்படுவது குறைந்த தாக்கத்திற்குச் சான்றாகாது. மீனுடல் கணக்கெடுப்புடன் அடித்தரை மாதிரிகளையும் துப்புரவு மீன்களின் இருப்பையும் இணைத்து ஆராய்தல் வேண்டும். அழகுமீன் வணிகத்திற்காகத் துப்புரவு மீன்கள் பிடிக்கப்படும் கடற்பகுதிகளில் இத்தேவை மேலும் மிகுதியாகும்.