பொம்மையும் புதைபடிவமும்

பொம்மை என்பது குழந்தைகள் கையாளும் எளிய பொருள் என்றே நாம் கருதுகிறோம். டைனோசர் பொம்மை அத்தகையதன்று. மாந்தர் எவரும் கண்டிராத ஓர் உயிரைப் பற்றி, அப்பொம்மை செய்யப்பட்ட காலத்தில் நிலவிய கருத்தே அதன் வடிவமாகும். ஆகவே அதனைச் சேர்த்து வைத்தல் மட்டும் போதாது. ஆய்ந்து நோக்குதலும் வேண்டும்.

நோன்புப் பெருநாள் காசில் என் மகன் போடிக் கடைத்தெருவில் ஒரு பை நிறையப் பொம்மைகள் வாங்கி வந்தான். "இதெல்லாம் சரியா அத்தா?" என்று வினவினான். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் முறையிலேயே அவற்றையும் நோக்கினேன்.

முதலில் நோக்கத்தக்கது கால். நம் ஏலத்தோட்டத்து ஓணானின் கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும்; டைனோசரின் கால்களோ உடலுக்கு நேர்கீழே தூண்போல் நிற்கும். அடுத்தது வால். டைரனோசாரஸ் வாலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நிற்பது பழங்கருத்து. முதுகும் வாலும் தரைக்கு இணையாக நீள்வதே இன்றைய முடிபு. அதன் கைவிரல்கள் இரண்டே. மூன்று இருப்பின் பிழை. முதுகில் கப்பற்பாய் போன்ற விரிப்புடைய டைமெட்ரோடானும் பையில் இருந்தது. அது டைனோசரே அன்று. டைனோசர்களுக்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டது. பாலூட்டிகள் தோன்றிய கிளையைச் சார்ந்தது.

அறிஞர்களும் பிழைபட்டதுண்டு. 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அமைத்த இகுவானோடான் சிலைகளில், கட்டைவிரல் முள் மூக்கின்மேல் கொம்பாக வைக்கப்பட்டது. 1878இல் பெல்ஜியத்துச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னரே அக்கருத்துத் திருந்திற்று. மூலம் இருந்தமையால் திருத்தம் இயன்றது.

"நம்ம ஊரு டைனோசர் இதில இல்லையா?" என்பது மகனின் அடுத்த வினா. ஏலமலைப் பாறைகள் டைனோசர் காலத்திற்கு மிக முற்பட்டவை; கடும் வெப்பத்தால் உருமாறியவை. அவற்றுள் எலும்பு கிடைக்காது. குசராத்தில் கிடைத்து 2003இல் பெயரிடப்பட்ட ராஜசாரஸுக்கு அயல்நாட்டார் பொம்மை செய்துள்ளனர். தமிழகத்திலோ, இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987இல் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். 'பேருடல் கொண்டது' என்பது பொருள். அதன் முன்காலெலும்பு அன்று, பின்காலின் கீழெலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் எனப் பதிவாயிற்று.

அவ்வெலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்து அழிந்தன. முதலில் ஊனுண்ணி என்றனர். பின்னர் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்றனர். எலும்புதானா, கல்மரமா என்றும் சிலர் ஐயுற்றனர். எஞ்சியவை வரைபடங்களும், 2022இல் வெளிவந்த பழைய நிழற்படங்களுமே. ஆதலின், நாளை எவரேனும் அதற்கொரு பொம்மை செய்தால், அது சரியா தவறா என ஒப்புநோக்க மூலம் இல்லை. செல்லரித்த சுவடியின் நிலையும் இதுவே.

மாணவச் செல்வங்களே! அரியலூர்ப் பக்கம் சுற்றுலா செல்லுங்கால் ஓடைக்கரையில் எலும்பொத்த கல்லைக் காண நேர்ந்தால், பெயர்த்தெடுக்க வேண்டா. இடத்தைக் குறித்து, நிழற்படம் எடுத்து, புவியியல் துறையினர்க்கு அறிவியுங்கள். மகனின் வினாவுக்கு விடை அங்கேதான் கிடைக்கக்கூடும்.