மெய்நிகர் கணினிகளைத் தனிமேகத்திற்குப் பெயர்த்தல்: தரவு நகலெடுப்பைத் தவிர்க்கும் வழிமுறைகள்

ஆய்வுச்சுருக்கம்

நிறுவனங்கள் தம் மெய்நிகர் கணினிகளை ஒரு மென்பொருள் தளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, பணிநிறுத்தத்தின் பெரும்பகுதி வட்டுத் தரவை நகலெடுப்பதிலேயே கழிகிறது. சேமிப்பகம் மாறாத நிலையில் அந்நகலெடுப்பைத் தவிர்க்கலாம் என்பதையும், மாறும் நிலையில் அதன் பெரும்பகுதியைப் பணிநிறுத்தத்திற்கு முன்பே முடிக்கலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. நகலெடுப்பு நீங்கும்போது இழக்கப்படும் பாதுகாப்பையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் கணினி, தனிமேகம், ஓப்பன்ஸ்டாக், சேமிப்பகம், பணிநிறுத்தம்

முன்னுரை

காஞ்சிபுரம் பட்டுத்தறியில் ஒரு பாவு நெய்து தீரும் தறுவாயில், புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைமுனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பர். இதனால் விழுதிலும் பண்ணையிலும் இழைகளை மீண்டும் கோக்கும் நெடும்பணி தவிர்க்கப்படுகிறது. இருக்கும் அமைப்பைக் குலைக்காமல் இணைப்பை மட்டும் மாற்றுவதே இம்முறையின் அடிப்படை. கணினித் துறையில் மெய்நிகர் கணினிகளைப் பெயர்க்கும் பணிக்கும் இவ்வடிப்படை பொருந்தும்.

ஒரே வழங்கிக் கணினியில் பல கணினிகள் தனித்தனியே இயங்குவதுபோல் மென்பொருள் வழி அமைக்கப்படுபவை மெய்நிகர் கணினிகள். அவற்றை ஒரு நிறுவனம் தன் சொந்த வன்பொருளில் தொகுத்து, வேண்டுவோர்க்கு வேண்டிய அளவில் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு தனிமேகம் எனப்படும். 2010இல் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் இணைந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் இதற்கான கட்டற்ற மென்பொருள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் அதனைப் பயன்படுத்தி வருகிறது. இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு மேகதூத் என்னும் மேகத் தளத்தை உருவாக்கியது. 2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தைப் பிராட்காம் கையகப்படுத்தியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இதனால் பல நிறுவனங்கள் மாற்றுத் தளங்களை நாடத் தொடங்கின. தளம் மாறுவதற்கு எத்தனை மணிநேரம் சேவையை நிறுத்த வேண்டும் என்பது அவற்றின் முதன்மையான வினாவாயிற்று.

1. நகலெடுப்பு நீள்வதற்கான காரணம்

வழக்கமான முறையில் தரவு நான்கு முறை இடம்பெயர்கிறது. முதலில் பழைய தளத்திலிருந்து வட்டுக் கோப்பு ஏற்றுமதி செய்யப்படுகிறது. அடுத்து அதன் வடிவம் மாற்றப்படுகிறது. பின்னர் ஓப்பன்ஸ்டாக்கின் படிமச் சேவையான கிளான்ஸில் பதிவேற்றப்படுகிறது. இறுதியாக அப்படிமத்திலிருந்து புதிய வட்டு உருவாக்கப்படுகிறது. நொடிக்கு 1 கிகாபிட் திறனுள்ள வலைப்பின்னல் முழு வேகத்தில் இயங்கினாலும் நொடிக்கு 125 மெகாபைட்டே கடத்தும். 2 டெராபைட் வட்டு ஒன்றை ஒருமுறை கடத்த 16,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ நாலரை மணிநேரம் ஆகும். நான்கு படிகளும் இதே வேகத்தில் நடந்தால் ஏறத்தாழ 18 மணிநேரம் கழியும். கணினியை நிறுத்திவிட்டே இவ்வளவும் நடப்பதாயின் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுச் சேவை முக்கால் நாள் முடங்கும்.

2. சேமிப்பகம் மாறாத நிலை

பழைய தளமும் புதிய தளமும் ஒரே சேமிப்பகத்தைப் பயன்படுத்துமானால் தரவை நகர்த்த வேண்டியதில்லை. ஓப்பன்ஸ்டாக்கின் வட்டுச் சேவையான சிண்டரில், சேமிப்பகத்தில் ஏற்கெனவே உள்ள வட்டைத் தன் மேலாண்மைக்குள் எடுத்துக்கொள்ளும் கட்டளை உண்டு. அக்கட்டளை அவ்வட்டைத் தன் தரவுத்தளத்தில் பதிவு செய்கிறது. பல இயக்கிகளில் வட்டின் பெயரையும் மாற்றுகிறது. வட்டின் உள்ளடக்கத்தில் ஒரு பைட்டும் நகர்வதில்லை. எனவே இதற்காகும் நேரம் வட்டின் அளவைச் சார்ந்ததன்று.

இம்முறைக்கு ஒரு வரையறை உண்டு. சேமிப்பகத்தில் ஒவ்வொரு வட்டும் தனி அலகாக இருத்தல் வேண்டும். விஎம்வேர் தளத்தின் விஎம்எஃப்எஸ் கோப்பு முறைமையில் பல கணினிகளின் வட்டுகள் ஒரே அலகுக்குள் கோப்புகளாக உறைகின்றன. அவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்ள இயலாது. எனவே பெயர்ப்புக்கு முன், கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு வட்டையும் தனி அலகுக்கு மாற்றுவது முன்தயாரிப்பாகும். அந்நகர்வு நேரமெடுத்தாலும் சேவை நிற்பதில்லை.

3. சேமிப்பகம் மாறும் நிலை

சேமிப்பகமே மாறும்போது நகலெடுப்பு தவிர்க்க இயலாதது. ஆயினும் அதன் பெரும்பகுதியைக் கணினி இயங்கும்போதே முடித்துக்கொள்ளலாம். விஸ்பியர் 4 பதிப்பில், 2009இல், மாறிய தரவுத் துண்டங்களைக் கண்காணிக்கும் வசதி அறிமுகமானது. முதலில் முழு வட்டும் நகலெடுக்கப்படுகிறது. பின்னர் இடைப்பட்ட காலத்தில் மாறிய துண்டங்கள் மட்டும் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகின்றன. இறுதிச் சுற்றில் மட்டும் கணினி நிறுத்தப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இறுதிச் சுற்றுக்கு 20 கிகாபைட் எஞ்சுமாயின் 160 நொடிகள் போதும். இங்கு நகலெடுப்பின் மொத்த அளவு குறைவதில்லை. பயனர் காத்திருக்கும் காலமே குறைகிறது.

4. தரவுக்கு அப்பாற்பட்டவை

வட்டு வந்து சேர்ந்தவுடன் கணினி இயங்கிவிடும் எனக் கொள்ள இயலாது. ஓப்பன்ஸ்டாக்கில் பெரும்பாலும் பயன்படும் கேவிஎம் மென்பொருள், வட்டையும் வலைப்பின்னலையும் விர்ட்டியோ என்னும் இயக்கிகள் வழி வழங்குகிறது. விண்டோஸ் கணினிகளில் இவ்வியக்கிகளை முன்கூட்டியே நிறுவ வேண்டும். லினக்ஸ் கணினிகளில் தொடக்கப் படிமத்தில் அவை இடம்பெற்றுள்ளனவா எனச் சோதிக்க வேண்டும். விர்ட்-வி2வி என்னும் கட்டற்ற கருவி இப்பணியைச் செய்கிறது. பழைய ஐபி முகவரியையும் மேக் முகவரியையும் கொண்ட வலைப்பின்னல் இணைப்பை முன்னரே அமைத்துவைப்பதும் பணிநிறுத்தத்தைக் குறைக்கும்.

5. நகலின்மையின் விலை

மெதுவான நகலெடுப்பில் அறியாமலேயே ஒரு காப்பு அமைந்திருந்தது. புதிய கணினி இயங்காவிடில் பழைய வட்டு அப்படியே இருக்கும். நகலற்ற முறையில் இருப்பது ஒரே வட்டு. ஆகவே மூன்று ஒழுங்குகள் இன்றியமையாதவை. முதலாவது, பழைய கணினியை நிறுத்திய பின், வட்டை ஒப்படைக்குமுன் சேமிப்பகத்திலேயே ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். சேமிப்பகம் பழுதானால் ஸ்னாப்ஷாட்டும் அழியுமாதலின், வேறிடத்தில் ஒரு காப்புநகலும் முன்னரே இருத்தல் வேண்டும். இரண்டாவது, இரு தளங்களும் ஒரே வட்டில் ஒரே நேரத்தில் எழுதும் நிலை எழலாகாது. எழுந்தால் கோப்பு முறைமை சிதையும். மூன்றாவது, பழைய தளத்தில் கணினியின் பதிவை மட்டும் நீக்க வேண்டும். வட்டோடு சேர்த்து அழிக்கும் கட்டளையைத் தவறியும் பயன்படுத்தலாகாது. புதிய கணினி பயனர் தரவை ஏற்கத் தொடங்கிய பின் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் இடைப்பட்ட பதிவுகள் இழக்கப்படும். ஆதலின் திரும்புவதா தொடர்வதா என்பதைப் பயனர்க்குச் சேவையைத் திறக்குமுன் முடிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

மெய்நிகர் கணினியைப் பெயர்த்தல் என்பது அடிப்படையில் வட்டின் உரிமைப் பதிவை ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்கு மாற்றுவதே. சேமிப்பகம் ஒன்றாயின் பதிவை மாற்றுவதோடு இயக்கிகளையும் வலைப்பின்னலையும் சீர்செய்தால் போதும். வேறாயின் நகலெடுப்பைச் சேவை இயங்கும் காலத்திற்குள் அடக்கலாம். எந்நிலையிலும் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியைக் காப்புநகலுக்கும் சோதனைக்கும் ஒதுக்குவதே முறை. பாவு பிணைப்பில் தவறாகச் சேர்ந்த ஓர் இழை புடவையின் நீளம் முழுதும் தெரிவதுபோல், ஒப்படைப்பில் நேரும் ஒரு பிழை பின்வரும் பணி முழுவதையும் பாதிக்கும்.