பந்தயக் காரின் மூக்கு: உயர்ந்தது சிறந்ததா, தாழ்ந்தது சிறந்ததா?

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2012-ஆம் ஆண்டு எச்ஆர்டி அணிக்காக ஓட்டிய பார்முலா 1 காரின் முன்பகுதியில் படிக்கட்டு போன்ற ஒரு மடிப்பு காணப்பட்டது. அந்த ஆண்டு பெரும்பாலான அணிகளின் கார்களும் அவ்வாறே இருந்தன. அழகற்றது என ரசிகர்கள் விமர்சித்த அந்த மடிப்பு, வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையேயான சமரசத்தின் விளைவாகும்.

தொடக்கத்தில் பந்தயக் கார்களின் மூக்கு தரையை ஒட்டியே அமைந்திருந்தது. 1990-இல் அறிமுகமான டைரல் 019 கார் அதை மேலே உயர்த்தியது. மூக்கு உயர்ந்தால் அதன் கீழே அதிகக் காற்று நுழைந்து, காரின் அடித்தளத்தை நோக்கிப் பாய்கிறது. அடித்தளத்துக்கும் தரைக்கும் இடையே காற்று விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. இதனால் கார் தரையை நோக்கி இழுக்கப்படுகிறது. டயர்களின் பிடிப்பு கூடுவதால் வளைவுகளில் வேகம் குறையாமல் திரும்ப முடிகிறது. தாழ்ந்த மூக்கு காரின் எடைமையத்தைக் கீழிறக்க உதவினாலும், அடித்தளத்துக்குச் செல்லும் காற்றைக் குறைத்துவிடுகிறது.

ஆயினும், உயர்ந்த மூக்கு பக்கவாட்டு மோதலின்போது மற்றொரு ஓட்டுநரின் தலையைத் தாக்கும் அபாயம் இருந்தது. எனவே 2012-இல் மூக்கு நுனியின் உயரம் 550 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. அதன் பின்னாலுள்ள உடற்பகுதி 625 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்க அனுமதி நீடித்தது. இவ்விரு உயரங்களுக்கு இடையேயான வேறுபாடே படிக்கட்டு மடிப்பாக வெளிப்பட்டது.

முன்னே செல்லும் காரின் மீது பின்னால் வரும் கார் ஏறிவிடும் ஆபத்தும் கவனத்தில் கொள்ளப்பட்டது. 2010-இல் வலென்சியாவில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் பங்கேற்ற பந்தயத்தில், மார்க் வெப்பரின் கார் முன்னே சென்ற காரின் பின்புறத்தில் மோதி, காற்றில் எழும்பிப் புரண்டது. அவர் காயமின்றித் தப்பினார்.

2014-இல் மூக்கு நுனியின் உயர வரம்பு 185 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. அப்போதும் அடியில் காற்றுக்கு வழிவிடப் பல அணிகள் நுனியை மட்டும் விரல்போல் மெலிதாக்கின. லோட்டஸ் அணி இரட்டைத் தந்தம் போன்ற மூக்கை அமைத்தது. பெராரி அகன்று தாழ்ந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. விரல் போன்ற நுனிகளைத் தவிர்க்க 2015-இல் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன.

ஆக, காற்றியல் கணக்கு மட்டுமே மூக்கின் வடிவத்தை முடிவு செய்வதில்லை. ஓட்டுநர் உயிருடன் வீடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் அடங்கியுள்ளது.