விரல் தொட்ட நரம்பு திரையில்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, 1955 முதல் மத்திய அரசின் பொறுப்பில் இயங்கிவரும் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தில், கை நரம்பின் கேட்டை அறிய மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது தங்கள் விரல்நுனியைத்தான். முழங்கையின் உட்புறத்தில் ஓடும் அல்நார் நரம்பை அழுத்தி உருட்டி, அது தடித்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கணித்தார்கள். 1940-களின் இறுதியில், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிய இம்மருத்துவமனைக்கு வந்து நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்ட வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், முன்கைத் தசைகள் வலுவோடிருப்பதைக் கவனித்து, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் முறையை வேலூரில் வளர்த்தெடுத்தார். கெட்டது எது, நலமாக எஞ்சியது எது என்று பிரித்தறியும் அந்த வேலையில் இன்று விரலுக்குத் துணையாக வந்திருப்பது மீயொலி ஸ்கேன்.

வயிற்றைப் பார்க்கும் ஸ்கேனைவிட உயர்ந்த அதிர்வெண் கொண்ட, பெரும்பாலும் 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒலி இதற்குப் பயன்படுகிறது. அது ஆழம் செல்லாது, ஆனால் தோலையொட்டிய சில சென்டிமீட்டருக்குள் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும். நீளவாட்டில் தசைநாண் நெருங்கிய வெள்ளை இழைகளாகவும், குறுக்குவெட்டில் நரம்பு தேனடைபோலவும் தெரியும். விரலை மடக்கி நீட்டச் சொன்னால் தசைநாண் வழுக்கி ஓடும். முற்றிலும் அறுந்திருந்தால் தசை இழுத்தாலும் மறுமுனை அசையாது. ஆனால் ஒலிக்கற்றை சற்றே சாய்ந்தாலும் நல்ல தசைநாணே கிழிந்ததுபோல் கறுத்துத் தெரியும் என்பதால், கருவியின் விலையைவிடப் பிடித்திருக்கும் கையின் பழக்கமே இங்கு முக்கியம்.

மாமல்லபுரத்தில் நாள் முழுதும் உளியும் சுத்தியலும் பிடித்து, அதிரும் கிரைண்டரால் கருங்கல் அறுக்கும் சிற்பியின் சுண்டுவிரல் மரத்துப்போனால், மடக்கிய முழங்கையில் நரம்பு நெருக்குண்டதா, தொழுநோயா என்ற ஐயம் எழலாம். நெருக்குதலில் வீக்கம் பெரும்பாலும் முழங்கை எலும்பையொட்டிய குழிவிலேயே மிகுந்திருக்க, தொழுநோயில் அது சில சென்டிமீட்டர் மேலே, மேற்கையில் மிகுந்திருக்கும்; எனவே ஆய்வுமுனையை முழங்கையோடு நிறுத்திவிடாமல் மேலேறிப் பார்ப்பது அவசியமாகிறது. மாறாக முழங்கையின் வெளிப்புறத்தில்தான் வலி என்றால், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண் எலும்பைப் பற்றும் இடத்தில் தடித்துக் கறுத்திருக்கிறதா என்று பார்க்கப்படும்.

இரத்த ஓட்டத்தை வண்ணமாகக் காட்டும் டாப்ளரில் நலமான நரம்பு ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். தொழுநோயின் எதிர்வினை எனப்படும் திடீர் அழற்சியிலோ அதனுள் வண்ணம் மின்னக்கூடும், அப்போது தாமதமின்றித் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து கையைச் செயலிழப்பிலிருந்து காக்கலாம். நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டும் ஸ்கேன் சொல்லாது. அதற்கு மின்கடத்தல் சோதனை வேண்டும்.

கையடக்கக் கருவிகள் வந்துவிட்டபோதிலும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மீயொலிக் கருவியும் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. கை நரம்பை மட்டும் பார்ப்பதற்கென்றாலும் அதை விருப்பம்போல் சிற்பக்கூடங்களுக்குக் கொண்டுசெல்ல இயலாது.